இருபத்தேழு படங்களில் ஒருவர்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் சௌக்கியம். என் முழங்காலைத் தனியாக விசாரித்தால் அது வேறு பதில் சொல்லும், அதனால் அதை மட்டும் விசாரிக்காதே.

வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று எதற்குக் கடிதம் போடுகிறார் என்று பயந்துவிடாதே. நல்ல செய்திதான். போனில் சொல்லலாம் என்று பார்த்தால், போன மூன்று ஞாயிறும் நீ 'ஒரு விஷயம் சொல்லணும் மாமா' என்று ஆரம்பித்து, 'ஒண்ணுமில்ல, அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிட்டாய். கடைசித் தடவை, இந்த விடுமுறைக்கு வருவதே சந்தேகம் என்று வேறு சொல்லிவிட்டாய். அன்றைக்கு உன் அத்தை, 'நாம ஏதாவது தப்பாப் பேசிட்டோமா' என்று என்னை நாலு தடவை கேட்டாள். என் மகன், உன் புருஷன், இறந்து நாலு வருடம் ஆகிறது. அவன் போன பிறகும் நீ எங்களை விடவில்லை. இப்போது நீயும் மெல்ல நழுவுகிறாயோ என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பயம். எனக்கு அந்தப் பயம் பாதி போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். பொறுத்துக்கொள்.

நம் துரையின் போட்டோக்களை எல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டேன்! வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்கிறான் என்று நீயும் நானும் என் மகனுக்கு துரை என்று பட்டம் வைத்தோம். கண்ணாடி பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பயல் போட்டோதான் எடுத்திருக்கிறான். அவன் லேப்டாப்பில் கொஞ்சம், மூன்று பழைய போன்களில் கொஞ்சம், பிஸ்கட் டின்னில் கிடந்த மெமரி கார்டுகளில் கொஞ்சம். அதோடு நீ மாதா மாதம் அனுப்பும் படங்கள், என் இளவயதுப் படங்களை ஸ்கேன் செய்தது. எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஒரே தேநீர்க் கோப்பையை நாற்பத்தொரு தடவை எடுத்து வைத்திருக்கிறான். ஆவி சரியாக விழவில்லை போலிருக்கிறது.

உனக்கு என் குணம் தெரியும். முப்பத்துநாலு வருடம் பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைக் கட்டி மேய்த்தவன். ஒரு வாஷர் கூடப் பெயர் அட்டை இல்லாத கட்டத்தில் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்தப் படங்களெல்லாம் 'புதிய ஃபோல்டர்', 'புதிய ஃபோல்டர் இரண்டு', 'இதுதான் சரியான புதிய ஃபோல்டர்' என்று கிடந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? கீழ் வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் புலம்பினேன். அவர் அன்றைக்கே மேலே வந்து, படங்களை அடுக்கி வைக்கவென்றே இருக்கும் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா, அது என்ன சாமர்த்தியம் என்கிறாய்! கிடங்கில் எனக்கு அப்படி ஒரு உதவியாளன் இருந்திருந்தால் நான் பத்து வருடம் இளமையாக ஓய்வு பெற்றிருப்பேன். ஒரே மாதிரி இருக்கும் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எதை வைக்கட்டும், எதைத் தூக்கட்டும் என்று கேட்கிறது. அதில் மட்டும் ஏழாயிரம் கழிந்தது. மிச்சத்தை வருடம், மாதம், தேதி வாரியாக அடுக்கிவிட்டது. எந்த ஊரில் எடுத்தது என்று வரைபடத்தில் புள்ளி வைக்கிறது. கடற்கரை என்று தட்டினால் கடற்கரையெல்லாம் வந்து நிற்கிறது. நான் தனியாக உட்கார்ந்து கைதட்டியதைப் பார்த்து உன் அத்தை, 'உங்களுக்கு என்ன ஆச்சு' என்று சமையலறையிலிருந்து சத்தம் போட்டாள்.

அதற்கு மேல் ஒரு வித்தை இருக்கிறது. முகங்களை அதுவே அடையாளம் கண்டு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டம் போட்டு, இவர் யார் என்று கேட்கிறது. பெயர் எழுத வேண்டியது மட்டும்தான் நம் வேலை. சந்தேகம் வந்தால் இரண்டு முகத்தைக் காட்டி, இருவரும் ஒரே ஆளா என்று கேட்கும். இங்கேதான் உன் மாமா சறுக்கினார். மருந்துக்கடைக்காரர், 'ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டே போங்க சார், அது கத்துக்கும்' என்று சொல்லியிருந்தார். நானும் பணிமனையில் சாமான் வெளியே போகும் சீட்டில் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்ட மாதிரி, ஆம், ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே போனேன். நடுவில் என் இருபத்தெட்டு வயதுப் படத்தையும் துரையின் படத்தையும் காட்டிக் கேட்டிருக்கிறது போலிருக்கிறது. அதற்கும் ஆம். மறுநாள் காலையில் திறந்தால் துரையின் கட்டத்தைக் காணோம். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு படங்களில் அவன் என் கட்டத்துக்குள் வந்துவிட்டான். அதன் கணக்குப்படி நான் அறுபது வயதில் கல்லூரிப் பட்டம் வாங்கி, அறுபத்திரண்டில் மலையேறியிருக்கிறேன்.

சிரிக்காதே. அன்றைக்கு எனக்குக் கை கால் ஓடவில்லை. மருந்துக்கடைக்காரரும் பார்த்துவிட்டு, 'இனிமே ஒவ்வொண்ணாத்தான் சார் பிரிக்கணும்' என்று உதட்டைப் பிதுக்கினார். அப்படியே பிரிக்க உட்கார்ந்தேன். ஒரு படத்தில் பாதி முகம் மட்டும் தெரிய நிற்கிற ஆளை நான் என்று எடுத்து வைத்தேன். பின்னாலிருந்து உன் அத்தையின் குரல், 'அது நீங்க இல்ல, அவன்' என்று கேட்டது.

இதை உனக்கு எப்படிச் சொல்வேன்? நாலு வருடமாக அவள் அவன் படம் ஒன்றைக் கூடப் பார்த்ததில்லை. கூடத்தில் மாட்டியிருந்ததைக் கழற்றித் துணி அலமாரிக்குள் வைத்தது உனக்கும் தெரியும். அவள் கையில் ஈரத் துணியோடு நின்று, 'நீங்க இடுப்புல கை வச்சு நிப்பீங்க, அவன் இடது கால்ல சாஞ்சு நிப்பான், இது கூடவா தெரியல' என்று என்னைத் திட்டினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பதினொரு நாள், அம்மா! காலை வேலை முடிந்ததும் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரைக்கும் இரண்டு பேரும் அதுதான் வேலை. முதல் நாள் முழுக்க அழுதாள். மூன்றாம் நாள், அவன் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது. 'என் பக்கெட்ட ஒடச்சது இவன்தானா' என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! அதற்காக அந்த ஆம் என்ற பட்டனை இன்னும் நூறு தடவை தப்பாக அமுக்கலாம் என்று தோன்றியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். துரையைப் பிரித்து முடித்த பிறகு உன் படங்கள். உன் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர். இருபத்தேழு படங்கள். கீழே 'பெயரில்லை' என்று இருந்தது.

துப்பறிய வேண்டும் என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை. யாரோ நீ வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காரர் என்று நினைத்து, அப்படியே எழுதப் போனேன். உன் அத்தைதான் கையைப் பிடித்தாள். எல்லாப் படத்தையும் வரிசையாகக் காட்டச் சொன்னாள். ஒன்றில் கடைக் கண்ணாடியில் பாதி முகம் தெரிகிறது. ஒன்றில் கூட்டமாக எல்லாரும் கேமராவைப் பார்க்க, அவர் உன் தட்டைப் பார்க்கிறார், நீ சாப்பிட்டாயா என்று. உனக்குக் காலில் கட்டுப் போட்டபோது, ஒன்றுமில்லை, லேசான அடிதான் என்று ஒரு படம் அனுப்பினாயே, அதில் பின்னால் பெஞ்சு ஓரத்தில் நிற்கிறார். ஆஸ்பத்திரிப் பணியாளராக இருக்கும் என்றேன். 'ஆஸ்பத்திரி ஆளு உங்க மருமக செருப்ப நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிப்பானா' என்று கேட்டாள். பெரிதாக்கிப் பார்த்தேன். செருப்பேதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. போன ஒரு வருடமாக நீ அனுப்பின படங்களில் பாதிக்கு மேல் அகலம் சரியாக இல்லை. சாஃப்ட்வேர் ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டுக் காட்டுகிறதே. பூங்கா பெஞ்சில் நீ ஒரு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாய். உன் தோளுக்குப் பக்கத்தில் ஒரு சட்டைக் கை மட்டும் மிச்சம் இருக்கிறது. எங்களுக்கு அனுப்புவதற்கென்று உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் ஓரத்தை வெட்டியிருக்கிறாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ சந்தோஷமாக இருப்பதை எங்களிடமிருந்து வெட்டி எடுக்கும்படி நாங்கள் என்ன மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம்? தப்பு எங்கள் மேல்தான் இருக்க வேண்டும்.

எனக்கு ஒரே சந்தோஷம். சொல்லிவிட்டேன். சட்டையைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், யாரிடமும் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன். துரையின் இடத்தில் யாரோ வருகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் கட்டம் அவனுடையது, இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கும் பத்திரமாக இருக்கிறது. இது வேறு கட்டம். கிடங்கில் புதுச் சாமான் வந்தால் பழையதைக் கொட்டிவிட்டா வைப்போம்?

ஆனால் உன் அத்தை என்ன நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நீ வாய் திறக்காமல் இருந்தது அவளை நினைத்துத்தான் என்று எனக்குத் தெரியும். அந்தச் செருப்புப் படத்தைப் பார்த்த பிறகு அவள் இரண்டு நாள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்டால், 'பருப்பு கருகுது' என்று எழுந்து போனாள். அடுப்பில் பருப்பே இல்லை. இன்று காலை நான் கடிதம் எழுத உட்கார்ந்ததும், அடியில் இடம் விடுங்க என்று மட்டும் சொன்னாள். விட்டிருக்கிறேன். அவள் எழுதுவதை நான் பார்க்கக் கூடாதாம். எதுவாக இருந்தாலும் நான் உன் பக்கம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படி.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். எல்லாப் படமும் அந்தச் சாஃப்ட்வேரும் அதில் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்று தட்டாதே.

நீ எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் மாமா

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

உன் மாமா நாலு பக்கம் எழுதியும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததையும் எழுதியிருப்பார், அது கோபத்தில் இல்லை. எனக்கு நம் பையன் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். அதை நீ உன் மேல் போட்டுக்கொள்ளாதே. நான் பெற்றவனை நினைத்து நான் அழுவேன், அது என் பாடு. அதற்காக நீ பயந்து பயந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்தே இருக்கிறது. இருபத்தேழு படத்திலும் அப்படித்தான். கடையில் கொடுத்துச் சரி பண்ணச் சொல். சாப்பாட்டில் காரம் ஆகுமா என்று கேட்டு எழுது.

விடுமுறைக்கு வருவது சந்தேகம் என்று இனிமேல் சொல்லாதே. இரண்டு பேருமாக வாருங்கள். அவன் பெயரை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு. படத்தின் கீழே எழுத உன் மாமாவுக்குத் தேவைப்படலாம். எனக்கு அதற்கில்லை. முதல் தடவையாக நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவனைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட வேண்டும் அல்லவா?

உன் அத்தை