பச்சை வட்டம் போட்ட புதன்கிழமை

அக்கா,

உன் பச்சை ஸ்கெட்ச் பேனா என் ஜாமெட்ரி பாக்ஸில் கிடக்கிறது. ஸ்கேலைத் தேடும்போது கையில் பட்டது. மூடியில் உன் பல் தடம் அப்படியே இருக்கிறது. கடிக்காதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "எங்க ஊர்ப் பனங்கெழங்கு இங்க கெடைக்கலல்லா, வேற எதைக் கடிக்க?" என்பாய்.

போர்வைக்குள் அம்மாவின் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஹாலில் வேன் மாமா படுத்திருக்கிறார். அவருடைய குறட்டை கேட்டுக்கொண்டிருக்கும்வரை எழுதலாம். நின்றுவிட்டால் நானும் நிறுத்திவிட வேண்டும்.

நீ போய்ப் பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. உன்னைக் கொன்றது யார் என்று மூன்று ஊர் போலீஸ் தேடுகிறது. மூன்று பேரும் தப்பான நேரத்தைத் தேடுகிறார்கள். அது எனக்குத் தெரியும்.

நீ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து எங்கள் மாடி அறையில் குடியேறியபோது நான் எட்டாம் வகுப்பு. வந்த வாரமே என்னைக் கேலி செய்தாய். "ஏட்டி, உங்க ஊர்ல எல்லாரும் இன்னா இன்னான்னு கேட்டுக்கிட்டே இருக்கியளே, பதிலு யாருட்டி சொல்லுவா?" நானும் விடவில்லை. "உங்க ஊர்ல சோறு போடுன்னு கேக்கறதே சண்டை மாதிரி கீதுக்கா" என்றேன். அம்மா கையில் கரண்டியோடு நின்று சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கள் சமையலறை உனக்கும் சமையலறை ஆகிவிட்டது.

பைக் திருட்டுப் போனதிலிருந்து அப்பா கேட்டுக்குப் பூட்டு போட்டிருந்தார். குடியிருப்பவர்களுக்குச் சாவி தரமாட்டார். அம்மா கேன்டீன் வேலைக்கு ஐந்தரை மணிக்கே கிளம்பிவிடுவாள். அப்பா செக்யூரிட்டி டூட்டிக்கு ஆறு மணிக்குப் போய்விடுவார். நைட் ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வரும் உனக்குக் கேட்டைத் திறக்க நான் மட்டும்தான். உனக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட், எந்த நாள் ஓ.டி. என்று எனக்கு நினைவில் நிற்காது. இரண்டு முறை தூங்கிவிட்டேன். நீ வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகுதான் சமையலறைக் காலண்டரில் பச்சை வட்டம் போட ஆரம்பித்தாய்.

சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது மறுநாள் கட்டத்தில் வட்டம் போட்டுவிட்டுப் போவாய். போகிற நாளில் ஏன் போடவில்லை என்று கேட்டேன். "நான் போறது ஒனக்கு எதுக்குட்டி? வாறதுதான வேணும்" என்றாய். நம் இரண்டு பேருக்குள் அதுதான் ஏற்பாடு. அப்பாவிடமும் அம்மாவிடமும் நாம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அப்போது தோன்றவும் இல்லை.

அந்தப் புதன்கிழமைக் கட்டத்திலும் வட்டம் இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போட்டது. என் கண் முன்னால் போட்டாய். "எனக்கு நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ்க்கா, ஆறேமுக்காலுக்கே போயிடுவேன், சாவிய கேட்டுக்கு வெளியில துளசித் தொட்டிக்கு அடியில வெச்சிடறேன்" என்று சொன்னேன். "சரிட்டி, டீச்சரைத் தூங்க விடாத" என்று சொல்லிவிட்டுப் போனாய். உன்னோடு தங்கியிருந்த அக்கா ஊருக்குப் போயிருந்தாள். உன் போன் டிஸ்பிளே உடைந்து கடையில் கிடந்தது.

காலையில் ஷேர் ஆட்டோ கூட்ரோடு சந்திப்பில் திரும்பும்போது உன்னைப் பார்த்தேன். கம்பெனி பஸ் உன்னை இறக்கிவிட்டுப் போயிருந்தது. டீக்கடைக்கு எதிரே மாமாவின் வேன் நின்றது. நீ கண்ணாடி பக்கம் குனிந்து ஏதோ பேசினாய். பிறகு கதவைத் திறந்து ஏறினாய். நான் கை காட்டினேன். நீ பார்க்கவில்லை. மாமா பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். நம் தெருவுக்குத்தானே வருகிறார், உன்னை விட்டுவிடுவார் என்று எண்ணிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன்.

சாயங்காலம் வந்து தொட்டியைத் தூக்கினேன். சாவி வைத்த இடத்திலேயே இருந்தது.

அதை எடுத்துக் கேட்டைத் திறந்து உள்ளே போனேன், அக்கா. நீ திறந்துவிட்டு மறுபடியும் அங்கேயே வைத்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாடியேறிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமைக் கட்டத்தில் வட்டம் இல்லாததைப் பார்த்து, உனக்கு லீவு போலிருக்கிறது என்று நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை உன் அம்மா என் அப்பாவுக்குப் போன் செய்தார். "புள்ள பேசவே இல்லய்யா, மேல போய்ப் பாருங்க" என்று கெஞ்சியது எனக்கே கேட்டது. மாடி அறை பூட்டியிருந்தது. அப்பா சமையலறைக்குப் போய்க் காலண்டரைப் பார்த்தார். கடைசி வட்டம் புதன்கிழமை. "புதங்கெழம சாயந்தரம் டூட்டிக்குப் போயிருக்குதும்மா" என்று சொன்னார். அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த மாதிரி படித்தார்.

அதையே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் கேட்டபோது, செவ்வாய்க்கிழமை நைட் வந்தாள், புதன்கிழமை நைட் வரவில்லை என்றார்கள். அப்பா சொன்னதோடு அது அப்படியே பொருந்திப் போனது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் வியாழக்கிழமையே நீ ஏரியில் கிடைத்துவிட்டாய். எங்களுக்குத் தெரியாது. மதகுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஸ்டேஷன். அந்தப் பக்கம் கமிஷனர் ஆபீசுக்குக் கீழே வருகிற இன்னொரு ஸ்டேஷன். எந்தப் பக்கம் என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் உன்னைத் தூக்கினார்களாம். அவர்கள் பெயர் தெரியாத பெண் என்று ஒரு ஃபைல் போட்டார்கள். இவர்கள் காணாமல் போன பெண் என்று ஒரு ஃபைல் போட்டார்கள். உன் அம்மா உங்கள் ஊர் ஸ்டேஷனில் அழுது கொடுத்த புகார் மூன்றாவது ஃபைல். நாலு நாள் மூன்றும் ஒன்றை ஒன்று பார்க்கவே இல்லை. சவக்கிடங்கில் உன் அம்மா உன் கால் மெட்டியைப் பார்த்து, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு ஏது மெட்டி, இது என் பிள்ளை இல்லை என்றார். பஸ்ஸில் யாரும் தொல்லை செய்யக் கூடாது என்று நீ சும்மா போட்டுக்கொண்டது அது. அதையும் நான்தான் எங்கள் அம்மாவிடம் சொன்னேன், அம்மா சொல்லித்தான் அது நீ என்று தெரிந்தது. என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அப்பாவை ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கூட்டிக்கொண்டு போனது வேன் மாமா. அம்மாவுக்குச் சித்தப்பா பையன். அவருக்கு எல்லா இடத்திலும் ஆள் தெரியும். "ஒருவாட்டி எழுதிக் குடுத்தா அவ்ளோதான் மச்சான், மாத்திக்கினு இருக்காத. மாத்தினா உன்னத்தான் உள்ள வெப்பான்" என்று அப்பாவின் தோளைத் தட்டினார். உன் விவரத்தை ஸ்டேஷனில் பதிவு செய்யாமல் குடிவைத்ததில் அப்பாவுக்கு வேறு பயம். அதனால் மாமாவை ராத்திரி இங்கேயே படுக்கச் சொல்கிறார்.

என்னை மாமா டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். போன வாரம் போண்டா வாங்கி வந்தார். என் கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா, அந்தப் புதங்கெழம காலைல சீக்கிரமா ஸ்கூலுக்குப் போனியா இன்னா?"

"எப்பவும் போல ஏழரைக்குத்தான் மாமா."

"அப்ப சரி" என்று சிரித்தார். நான் இன்னும் அந்தப் போண்டாவின் எண்ணெயைக் கழுவிக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது.

மாமாதான் செய்தார் என்று எனக்குத் தெரியாது. நீ வேனில் ஏறியதை மட்டும்தான் பார்த்தேன். ஆனால் ஏன் அப்படிக் கேட்டார்?

நேற்றுத் தனிப்படை இன்ஸ்பெக்டர் மேடம் வந்தார். சாதாரணப் புடவைதான். மூன்று ஃபைலையும் எங்கள் கட்டில் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, விரலால் தேதி தேதியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். தூத்துக்குடி ஃபைலில் விரல் நின்றது.

"அந்தப் பொண்ணு தெனமும் டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டம்மா போன்லேர்ந்து ஊருக்குப் பேசுமாம். செவ்வாய்க்கிழமை பேசியிருக்கு. புதன்கிழமை பேசலைன்னு அவங்கம்மா சொல்றாங்க. ஏன்?"

அப்பா, "வேற யார் போன்லயாச்சும் பேசியிருக்கும் மேடம்" என்றார்.

"அந்தம்மாவுக்குப் போனே வரலையே" என்றார் மேடம். மேடம் ஃபைல்களை அடுக்கினார். "கூட்ரோடு டீக்கடை கேமரால பதினஞ்சு நாள்தான் நிக்கும். அப்புறம் தானா அழிஞ்சிடும். புதன் சாயங்காலத்த மட்டும்தான் எடுத்து வெச்சிருக்காங்க. அதுல அந்தப் பொண்ணு இல்லவே இல்ல."

தண்ணீர் கேட்டுச் சமையலறைக்கு வந்தார். காலண்டரைப் பார்த்தார். "இந்த வட்டம் யாரும்மா போட்டது?"

"அக்கா."

"எதுக்கு?"

என் வாய் திறந்தது, அக்கா. அதற்குள் ஹாலிலிருந்து அப்பாவின் குரல். "டூட்டிக்குப் போற நாளு மேடம்!" அப்பாவுக்குப் பின்னால் மாமா நின்றிருந்தார். நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். மேடம் வட்டத்தைப் போட்டோ எடுத்தார். கிளம்பும்போது என் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் நம்பரை எழுதிவிட்டு, "நல்லா எழுதும்மா பரீட்சை" என்று மட்டும் சொன்னார்.

கம்பெனியில் உன் லைனில் சிவப்பு லைட் போட்ட கதை நினைவிருக்கிறதா? சர்க்யூட் போர்டில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலைப் பார்த்தாய். பொத்தானை அமுக்கினாய். "மொத்த லைனும் நின்னுட்டுட்டி. சூப்பர்வைசர் வந்து தாம்தூம்னு குதிக்கான்" என்று அவன் மாதிரியே எங்கள் சமையலறையில் குதித்துக் காட்டினாய். பக்கத்தில் இருக்கிறவள் அமுக்கட்டும் என்று விடவேண்டியதுதானே என்றேன். நீ தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "பாத்தவ நானுல்லா. அவ எப்படி அமுக்குவா?" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாய்.

இன்று சாப்பிட்டபின் அம்மா தன் போனை என் தலையணையில் வைத்தாள். "சார்ஜ் போட்டுடு" என்றாள். எப்போதும் அவளே போடுவாள். லாக்கையும் எடுத்துவிட்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

மேடத்துக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினேன். "வட்டம் அக்கா வேலைக்குப் போகிற நாள் இல்லை. திரும்பி வருகிற காலை. புதன் காலை அவள் வரவில்லை." அனுப்பியதும் அழித்துவிட்டேன். அவசரத்தில் இரண்டு முறை வேறு எதையோ அழித்தேன்.

பதில் வந்தது. "டீக்கடைக்கு ஆள் அனுப்பிட்டேன். காலை ஏழு மணிக்கு வர்றேன். கேட்டை நீயே திற."

வேனைப் பற்றி நான் எழுதவில்லை. கேமராவே காட்டிவிடும், நான் சொல்ல வேண்டாம் என்று கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் இந்தப் பேனா கையில் பட்டது.

இப்போதுதான் சமையலறைக்குப் போய் வந்தேன். ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். திரும்பி வரும்போது குறட்டை நின்றது.

"யாரது?"

"தண்ணி குடிச்சேன் மாமா."

"இன்னும் தூங்கல?"

"பரீட்சை மாமா."

பேனாவை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். "படி, படி டாக்டரம்மா" என்று திரும்பிப் படுத்தார். கட்டிலுக்கு வந்த பிறகுதான் மூடியை வாயில் வைத்திருப்பது தெரிந்தது. உன் பல் தடத்தின் மேல் என் பல்.

விடிந்தால் மறுபடியும் புதன்கிழமை. அந்தக் கட்டத்தில் வட்டம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். சாவி என் கையில் இருக்கிறது. மேடம் வந்ததும் வட்டத்தைச் சொல்வேன், வேனைச் சொல்வேன், துளசித் தொட்டிக்கு அடியில் கிடந்த சாவியையும் சொல்வேன். மாமா பின்னால் நின்றாலும் சொல்வேன்.

காலையில் காலண்டரைப் பார்த்தால் அப்பா, யாரோ போகிற நாள் என்று நினைப்பார். இல்லை, அக்கா. யாரோ வருகிறார்கள். இந்த முறை நான் தூங்கிவிட மாட்டேன்.