ஆயிரத்து நூறு அடிக்குக் கீழே

திருச்செங்கோடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மச்சான் தனபால் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சி சத்யபிரியா நன்றாக இருக்கிறாள். உங்கள் செல்ல மகள் யாழினிக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் பம்பர் கழன்ற போர்வெல் ரிக் வண்டி மாதிரி இருக்கிறாள். வெண்ணந்தூர்ப் பெரியப்பா மகனுக்கு மறுபடியும் பெண் பார்த்தார்கள். பஜ்ஜியில் உப்பு இல்லை என்று இவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். நாற்பது வயதில் துரை உப்புப் பார்க்கிறார். எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, கூடவே வயிறும்.

போன் இருக்கிற காலத்தில் இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். அந்தச் சத்தீஸ்கர் காட்டில் உங்களுக்கு டவர் கிடைப்பதில்லை என்பது பாதிக் காரணம். மீதியைக் கீழே சொல்கிறேன். பாறை துளைக்கிற பிட்டு ஏற்றி வரும் லாரி டிரைவர் மாரியிடம் கொடுத்துவிடுகிறேன். கையில்தான் கொடுக்க வேண்டும், வாசித்துக் காட்டக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

முதலாளி செங்கோட்டையனின் மருமகள் ஷாலினி ஆபீசுக்கு வர ஆரம்பித்த பிறகு நம் கம்பெனிக்குக் களை வந்துவிட்டது. உங்களுக்கு எக்செல் தெரியுமாங்க என்று கேட்டது. தெரியும் என்றேன். எனக்கு அதைத் திறக்கத்தான் தெரியும். மூடத் தெரியாமல் ஒரு வாரம் சுவிட்சையே அணைத்துக்கொண்டிருந்தேன். வேலை என்னவென்றால், நம் ரிக்குகள் இத்தனை வருசமாகப் போட்ட போர்களின் சீட்டுகள் மாடியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன அல்லவா, குழிக்குள் ஒவ்வொரு ராடு கம்பி இறங்கும்போதும் நீங்கள் எழுதுகிற அதே சீட்டு, அதையெல்லாம் ஸ்கேன் செய்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். எத்தனை அடி, மண்ணா கல்லா, வெறும் கல்தூள் புகையா தண்ணீரா, கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். கையெழுத்தைக் கம்ப்யூட்டரே படித்துவிடும், நான் சரிபார்க்க வேண்டும். ஒரு சீட்டில் கொசு நசுங்கிக் கிடந்ததைப் புள்ளி என்று படித்து, ஐந்நூறு அடியை ஐந்து அடி ஆக்கிவிட்டது. ஐந்தடியில் தண்ணீர் வந்த ஊரைப் பார்த்து ஷாலினி பூரித்துப்போனது. கொசுதானுங்க என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

எல்லாம் ஏற்றி முடித்ததும் அடிக்கணக்குப்படி வரிசைப்படுத்தச் சொன்னது. பட்டனைத் தட்டினேன். வெவ்வேறு மூட்டையில் கிடந்த, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத டிரில்லர்களின் வரிகள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. ஆயிரத்து நூறு அடியைத் தாண்டியும் தண்ணீர் வராமல் வெறும் புகையாகப் போன போர்கள் அவை. குறிப்புக் கட்டத்தில் எல்லாம் ஒரே பேச்சு. கம்ப்ரசரை நிறுத்தினதும் குழிக்குள்ளிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுது என்று ராஜஸ்தானில் ஒருவர். எங்கப்பன் குரல் என்று ஒடிசாவில் ஒருவர். ஊட்டுக்காரி கூப்பிட்டா என்று ஒருவர்.

கம்ப்யூட்டர்தான் ஒரே வரியை எல்லாக் கட்டத்திலும் அப்பிவிட்டது என்று நினைத்து, மாடியேறிச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வேறு கை, வேறு மை. அப்புறம் எல்லாம் குவாட்டர் செய்கிற வேலை என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் மாப்பிள்ளை, குவாட்டர் எல்லோரிடமும் ஒரே கதையையா சொல்லும்? சில சீட்டுகளில் அந்த வரிக்கு அடுத்த ராடு வேறு ஆளின் கையெழுத்தில் இருக்கிறது. முதல் கையெழுத்து அதற்குப் பிறகு எந்த மூட்டையிலும் இல்லை.

அப்படி எழுதியவர்களில் ஓமலூர்ச் சின்னான் மட்டும் இன்னும் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன். ரிக்கை விட்டுவிட்டு மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். உங்களை யாருங்க குழிக்குள்ளிருந்து கூப்பிட்டது, கடன்காரனா என்று கேலியாகத்தான் ஆரம்பித்தேன். மனுசன் சிரிக்கவில்லை. கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தார். தனக்கும் கேட்டது, வாயைத் திறக்கவில்லை என்றார். கூட இருந்த வேலுசாமிதான் குழிவாயில் நட்டிருந்த கேசிங் பைப்பில் காதை வைத்து, இதோ வாரேங்க என்று பதில் கொடுத்தாராம். அன்று மதியம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து காட்டுப்பக்கம் நடந்தவர்தான். தேடாத இடமில்லை. கிளம்பும்போது சின்னான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பதில் சொல்லாத வரைக்கும் அது வெறும் சத்தந்தானுங்க."

நேற்று உங்கள் சீட்டின் போட்டோ வந்தது. உங்கள் ஆள் டீசல் வாங்க டவுனுக்குப் போனபோது அனுப்பியிருக்கிறான். ஏற்றி, வரிசைப்படுத்தினேன். உங்கள் வரி, வேலுசாமி பதில் கொடுத்த அந்தப் போரின் வரிக்கு நேர் கீழே போய் நின்றது. ஆயிரத்து நூற்று இருபது அடி, புகை மட்டும். குறிப்பில், 'யாரோ கூப்பிடறாங்க, தனபால் மச்சான் குரலாட்டவே இருக்குது' என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் சொன்னீர்களா என்று எழுதவில்லை. சீட்டு அத்தோடு நிற்கிறது.

மாப்பிள்ளை, அது நான் இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். இன்னும் நாலு ராடு இறக்கச் சொல்லு, தண்ணி வந்துரும் என்று சிரித்தார். பழக்கதோசத்தில் நானும் சிரித்துவிட்டு வந்தேன். நீங்கள் இறக்க வேண்டாம். குழியைக் கல் வைத்து மூடிவிட்டு மாரியின் லாரியிலேயே ஏறி வந்துவிடுங்கள். வேலை போனால் இரண்டு பேருக்கும் சேர்ந்து போகட்டும். சத்யபிரியாவிடம் லீவில் வருகிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கறி எடுக்க வேண்டுமா என்று கேட்கிறாள்.

இனி என் குரல் எங்கே கேட்டாலும் வாயைத் திறக்காதீர்கள். போனில் கேட்டாலும்தான். அதற்காகவே இந்தக் கடுதாசி, அதற்காகவே இதில் உங்கள் பேரை எங்கும் எழுதவில்லை.

லாரி வந்து நிற்கிற இடத்தில் நான் நிற்பேன். இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா நிற்பானோ என்று நினைக்காதீர்கள், நிற்பேன். ஒரு வார்த்தை பேசாமல் வந்து உங்கள் கையைப் பிடிப்பேன். அந்தக் கை சூடாக இருக்கும். அதை மட்டும் நம்பி என்னோடு வீட்டுக்கு வாருங்கள் சாமி.

அர்த்தநாரீசுவரர் துணை இருக்கட்டும்.

உங்கள் மச்சான்,
தனபால்