கயிறு மாற்றிய அன்று

ராஜபாளையத்தில் ஒரு தீவனக் கடை வாசலில் இன்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். உள்ளே பருத்திக்கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. அந்த வாசனை உன் மேல் எப்போதும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போதும் இருக்கும். யாராவது முகம் சுளித்தால், "மாடு வச்சிருக்கவ மேல மல்லிப்பூவா மணக்கும்?" என்பாய்.

மாடு வைத்திருப்பவள் என்று சொல்லிக்கொள்ள நீ என்ன பாடு பட்டாய் என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் கறவை மாட்டுக்கு மானியக் கடன் வந்தது. விலையில் ஒரு பங்கை அரசு கொடுக்கும், மிச்சத்தை நாம் அடைக்க வேண்டும். வத்திராயிருப்பில் நம் தெருவுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஒரு மாட்டுத் தரகர். பேப்பரில் மாட்டை விற்பவர் அவர், வாங்குபவர் நாம், கையெழுத்து நம்முடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரி முன்னால் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நாம்தான். பேங்க் ஆபீசர் பார்த்துவிட்டுப் போனதும் மாடு தரகரோடு போய்விடும். அடுத்த முறை அதே மாடு இன்னொருத்தி கையில் நிற்கும். நமக்குச் சேலை எடுக்க ஆகிற காசு கிடைக்கும். மற்றதெல்லாம் அவருக்கு, கடன் நம் தலையில். இதற்குப் பெயர் ஏழைகளுக்கு மானியமாம்.

உன் முறை வந்த அன்று நானும் உன்னோடு பஸ் ஏறினேன். உன் மடி புடைத்துக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டதற்கு, "பேசாம வாட்டி" என்றாய்.

ஆபீசர் மாட்டைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். நீ மடியிலிருந்து புதுக்கயிற்றை எடுத்து மாட்டுக்குக் கட்டினாய். பழைய கயிற்றை அவிழ்த்துத் தரகரிடம் நீட்டினாய். நம் பக்கத்தில் மாட்டை விற்பவர் கயிற்றை விற்பதில்லை. பழைய கயிறு அவர் கைக்குத் திரும்பிவிட்டால் மாடு கைமாறிவிட்டது, அதற்குமேல் பேச்சே கிடையாது. காலமெல்லாம் சந்தையில் பழகிய கை, தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"என்னட்டி பண்ணுத?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாடு வாங்கினா கயிறு மாத்தணும்லா, அண்ணாச்சி."

"ஆபீசர் போகட்டும். பொறவு பேசிக்கிடுதேன்."

"அவிய இருக்கும்போதே பேசுங்க."

எதைப் பேசுவார்? வாயைத் திறந்தால் அவர் வண்டவாளமெல்லாம் வெளியே வந்துவிடும். மாட்டின் விலையை பேங்க் அவருக்குக் கொடுத்தது. விற்ற மாட்டுக்கு விலை வந்தாயிற்று, அவருக்கு என்ன நஷ்டம்? நாம் மாட்டோடு வத்திராயிருப்புக்கு நடந்தே திரும்பினோம். எனக்குக் கால் கொப்பளித்தது, உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தரகர் சொல்லிவைத்து, தோப்புக்காரர்கள் உன்னைப் புல் அறுக்க விடவில்லை. நீ கண்மாய்க் கரையில் அறுத்தாய். பால் ஊற்றியே கடனை அடைத்தாய். அதற்குப் பிறகு நம் தெருவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் மடியில் கயிற்றோடுதான் பஸ் ஏறினோம். தரகர் வேறு ஊர் பார்த்துக்கொண்டார்.

நீ போன அன்று அடக்க ஜெபத்தில் நம் கோயில் உபதேசியார், "சாந்தமான சகோதரி, யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாதவர்" என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டிருந்தவள் எழுந்து நின்றேன். "அவ அப்படிப்பட்டவ இல்ல. பொய் சொல்லி அவள அனுப்பாதிய" என்றேன். உன் மகன் முறைத்தான். முறைக்கட்டும்.

இப்போது என்னை வாயாடி என்கிறார்கள். நான் சாகும்போதும் எவராவது சாந்தமானவள் என்று ஆரம்பிப்பார். எழுந்து நின்று இல்லை என்று சொல்ல ஒருத்தியையாவது தயார் செய்துவிட்டுத்தான் உன்னிடம் வருவேன்.