கோட்டுக்குக் கீழே கிடக்கும் கம்பெனி

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

நேற்று போனில் பேசியதிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. "உன் கம்பெனி ஷேரு இருநூறு நாள் சராசரிக்கு ரொம்பக் கீழ கெடக்கு. மலிவா இருக்கும்போதே இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடப்போறேன்" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிட்டுக் கத்தினால் அறையில் எல்லோர் காதிலும் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தச் சராசரி இதுவரை விற்ற விலையைத்தானே சொல்லும்? விலை மறுபடி அங்கே ஏறியே தீரும் என்று உங்களுக்கு யார் சத்தியம் செய்து கொடுத்தது? சராசரிக் கோடே இறங்கிக்கொண்டு வருகிறதே, அது கண்ணில் படவில்லையா?

இங்கே எங்கள் தையல் பிரிவில் பாதி மெஷினுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டார்கள். கேட்டால் சூப்பர்வைசர், "தூசி படியாம இருக்கத்தான்மா" என்று பல்லைக் காட்டுகிறார். எங்களை ஜன்னல் துடைக்க விட்டிருக்கிறார். பயப்படாதீர்கள், கைக்கு நல்ல ஓய்வு. ஜன்னலெல்லாம் பளபளவென்று இருக்கிறது.

புண்ணியமாகப் போகும், இனி ஒரு ஷேர்கூட வாங்காதீர்கள். இருப்பதையும் விற்றுத் தொலையுங்கள்.

குளிர் தாங்கவில்லை. உங்கள் பழைய கம்பளிச் சட்டையை எடுத்து வையுங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். சட்டையை மட்டும் எந்த விலாசத்துக்கு என்று நான் சொன்ன பிறகு அனுப்புங்கள். நாங்கள் தங்கியிருக்கும் விடுதியும் கம்பெனியுடையதுதான்.

உங்களவள்