சூறாவளிக்கு அசையாத பிள்ளை

ஆடி 4

நாள் முழுக்கக் காற்று. சோற்றுப் பானையில்கூட மணல்.

மன்னித்துக்கொள் ஸ்டெல்லா, ஊரே உறங்கின பிறகுதான் பேனா எடுக்க முடிகிறது. இதைத் தபாலில் போடுவேனோ என்னவோ. ஹாஸ்டலில் உன்னிடம் புலம்பிய பழக்கம், இப்போது நோட்டில்.

இவர் டிரம்ஸ் அடிக்கிறார். பகலில் தாலுகா ஆபீஸ் கிளார்க், சாயங்காலம் மேதை. மெல்லிசைக் குழுவுக்குப் பெயர் ‘சூறாவளி’. மேசை விசிறிக் காற்றுகூடக் கிடையாது. பாடகர் மணி ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடுகிறார். பொத்தவேண்டியது நாங்கள். கிடார்க்காரர் பாதி நேரம் கம்பி முறுக்குகிறார். அவர் வாசிப்பதில் அதுதான் தேவலை. ஒத்திகை எங்கள் முன்னறையில்.

பாபுவின் தொட்டிலும் அங்கேதான். எட்டு மாதம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. முகத்துக்கு நேரே போனால் சிரிப்பு. ஆம்பளைப் பிள்ளைக்கு எல்லாம் மெதுவாகத்தான் வரும் என்கிறார் அத்தை. நான் தொட்டிலுக்குப் பின்னால் நின்று மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஆடி 7

பால் திரிந்துவிட்டது. கிரைப் வாட்டர், சோப்பு வாங்கணும்.

குருவிகுளத்திலிருந்து ஒரு ஆள். “கொட்டடிக்கிற அண்ணாச்சி வீடு இதானாம்மா? எங்க பெரியப்பா தவறிட்டாவ.” சூறாவளிக்கு வந்த முதல் அழைப்பு. அத்தை கதவைச் சாத்திவிட்டார். இவர் ராத்திரி சாப்பிடவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மறுபடி ஒத்திகை. பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பாபு நல்ல உறக்கம்.

“பாத்தியளா மதினி, அசையுதானா? டிரம்ஸ்காரன் புள்ளல்லா” என்றார் மணி. எல்லாரும் சிரித்தார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆடி 12

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. நடக்க இடமில்லாத கூட்டம். சூறாவளிக்கு முதல் மேடை. இவர் பூப்போட்ட சட்டை, ராத்திரியில் கறுப்புக் கண்ணாடி. பாட்டுக்கு நடுவே குச்சி கைநழுவி முன்வரிசையில் விழுந்தது. வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். இவரும் குனிந்து கும்பிட்டார்!

பிறகு அதிர்வேட்டு, ரொம்பப் பக்கத்தில். சுற்றி இருந்த பிள்ளைகளெல்லாம் வீறிட்டன. பாபு என் மடியில் சீரியல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமைகூட அசையவில்லை.

ஆடி 13

இவர் லீவு. வந்தவர் போனவரிடமெல்லாம் கைதட்டல் புராணம்.

மத்தியானம் பாபுவை உட்காரவைத்து, பின்னால் நின்று டிரம்ஸின் சிம்பல் தட்டில் குச்சியால் அடித்தேன். திரும்பவில்லை. நிமிர்ந்தால் வாசற்படியில் இவர்.

“பலமா அடி” என்றார்.

அடித்தேன். அத்தை அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். பாபு கிலுகிலுப்பையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

பாளையங்கோட்டைக்குப் போய் டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். இவர் குச்சியை என் கையிலிருந்து வாங்கி, துடைத்து, உறையில் போட்டார்.

“கடையநல்லூர்ல துபாய்க்கார பாய் வீட்டுக் கல்யாணம். அடுத்த வாரம் கச்சேரி ஒத்துக்கிட்டாச்சு. அது முடியட்டும், பாப்போம்.”

சொல்லிவிட்டு மணியைத் தேடிப் போய்விட்டார். எட்டு மாதமாக இந்த மனுஷனுக்குத்தான் காது கேட்கவில்லை.

ஸ்டெல்லா, இந்தத் தாள்களைக் கிழித்துக் காலையில் தபாலில் போடுகிறேன். உங்கள் பாளையங்கோட்டையில் நல்ல காது டாக்டர் யார், எந்தக் கிழமை பார்ப்பார் என்று கேட்டு எழுது. நானும் பாபுவும் மட்டும் வருவோம். பதில் சீக்கிரம் போடு.