துரையின் கடிதத்தை நான் படித்த விதம்

அக்டோபர் 12, 1957. சனி

காலையிலிருந்து மழை. காஜா பெராங் சந்து முழுக்கச் சேறு. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள். ஜாலான் பெண்டஹாரா கடையில் மனைவி செல்லத்துக்குப் புடவை எடுக்க வேண்டும்.

அணை ஆபீசுக்கு எங்கள் பழைய வெள்ளைக்காரத் துரையிடமிருந்து கடிதம். கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத்தான் என்று கை நீட்டிவிட்டேன். உறை மேல் வேலாயுதத்தின் பெயர். டிரைவர் வேலாயுதம்! பதினோரு வருஷம் துரைக்குக் கடிதம் டைப் அடித்தவன் நான்.

மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்த மறு வாரம் துரை கப்பலேறினார். போகும்போது தன் தூண்டில் கம்பை வே.யிடம் கொடுத்தார். எனக்கு ஒரு மேஜை விளக்கு. மீனை ஏமாற்ற அந்தக் கம்பின் நூலில் பறந்த இறகு ஈ ஒவ்வொன்றும் நான் கட்டியது. பாசார் சந்தையில் பொறுக்கிய சேவல் இறகு, செல்லத்தின் தையல் நூல், என் கண் பார்வை. வே. என்ன செய்தான்? கார் ஓட்டினான். அணைக்குக் கீழே ஆற்றில் துரையோடு இறங்கி வீசப் பழகினான். நான் தண்ணீரில் இறங்கமாட்டேன். பயம். கம்பு எனக்கு வராததற்கு அதுதான் காரணம், தெரியும். தெரிந்தால் மட்டும் வயிறு எரியாமல் இருக்குமா?

அக்டோபர் 13, ஞாயிறு

வெயில். மாலையில் வே. வந்தான். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எந்தக் காகிதமானாலும் என்னிடம்தான் வருவான்.

"அண்ணே, கொஞ்சம் படிச்சு சொல்லுங்க. தலகாணிக்கு அடியில வெச்சிருந்தேன்."

இரண்டு பக்கம். அங்கே இப்போது இலை உதிரும் காலமாம். மஞ்சள் இலைகள் ஆற்றில் மிதக்கின்றனவாம். அந்த ஆற்றுக்கும் மேலே ஓர் அணை. கதவு திறந்தால்தான் தண்ணீர். ட்ரவுட் என்ற மீன் முட்டையிடப் போகும் முன் கடும் பசியில் இருக்குமாம். அவர் எழுதியபடி:

1. கதவை மூடித் தண்ணீர் வடிகிற அந்த ஒரு மணி நேரம்தான் மீனுக்கு.
2. சின்ன ஈ போதும். ஓரமாக நின்று நீரோட்டத்துக்கு எதிரே வீசு.
3. தண்ணீர் ஏறத் தொடங்கினால் யோசிக்காதே, கரை ஏறு.

பிறகு: "வேலாயுதம், உன்னைப் போல் வீசுகிறவனை நான் இங்கே இன்னும் பார்க்கவில்லை. நீ பக்கத்தில் நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்க்கிறேன்." கடைசியில், "கிராணிக்கு என் வணக்கம்." ஆபீஸ் குமாஸ்தா எனக்கு அவ்வளவுதான். ஒரு வரி.

மாற்றிப் படித்தேன். "நடு ஆத்துல நின்னு வீசணுமாம், தண்ணி ஏறுறப்பதான் மீன் நல்லா கடிக்குமாம்" என்றேன். மூன்றாவதை விட்டுவிட்டேன். புகழ்ச்சியையும் விழுங்கிவிட்டேன்.

"என்னையப் பத்தி ஒண்ணும் எழுதலையா அண்ணே?"

"வணக்கம் சொல்லச் சொன்னாரு."

முகம் சுருங்கிப் போனான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலு ஞாயிறு வெறுங்கையோடு திரும்பட்டும். அவ்வளவுதான் நினைத்தேன், வேறொன்றுமில்லை.

அக்டோபர் 16, புதன்

மூட்டம். வாங்க: நல்லெண்ணெய், பச்சரிசி, மத்தாப்பு இரண்டு பெட்டி, குடைக்கு ஒரு கம்பி.

செல்லம் அம்மியில் அரைத்துக்கொண்டே சொல்கிறாள்: "வேலாயுதம் தம்பி போன மாசம் ஒரு செபாராவ் மீனு குடுத்துச்சே, அதோட ருசி இன்னும் நாக்குல இருக்கு. நீங்க வருஷம் பூரா இறகு கட்டுறீங்க, ஒரு மீனு புடிச்சிருக்கீங்களா?"

கட்டி வைத்திருந்த இரண்டு ஈயைப் பிய்த்துப் போட்டேன். பிறகு கொக்கி வீணாகக் கூடாதென்று பொறுக்கி எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

மேலே காட்டில் அடைமழை. அணை நிரம்பிவிட்டது. அறிவிப்பு டைப் அடித்தேன்: ஞாயிறு மூன்று மணிக்கு இரண்டு கதவு திறக்கப்படும்.

வே. மேஜைக்கு வந்தான். "எப்பண்ணே தொறக்குறாங்க? துரை சொன்னாருல்ல, தண்ணி ஏறுறப்ப நான் ஆத்துல இருக்கணும்."

அப்போதுதான் உறைத்தது. கதவு திறக்கிற நேரம் இவன் நடு ஆற்றில் நிற்பான். சொல்லிவிடலாம் என்று வாய் எடுத்தேன். அதற்குள் அவன், "புது அதிகாரி என்னையக் கூப்பிட்டாரு லா. கம்பு வீசக் கத்துக் குடுன்னு கேக்குறாரு!" என்றான். இவனைத்தான் எல்லோருக்கும் தெரிகிறது. இங்கே ஒருவன் உட்கார்ந்திருப்பதே யாருக்கும் தெரிவதில்லை.

"மூணு மணி" என்றேன். டைப்பைத் தொடர்ந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

கிறுக்கலாக எழுதுகிறேன்.

மத்தியானம் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்றரைக்குச் சைக்கிளை எடுத்தேன். வழியில் மழை, செயின் வேறு கழன்றது. நான் போய்ச் சேரும்போதே அணையில் கதவு திறக்கும் மணி அடித்துவிட்டார்கள். வே. நடு ஆற்றுப் பாறை மேல் நிற்கிறான். கம்பு வில்லாக வளைந்திருக்கிறது.

"ஏறி வாடா! விட்டுட்டு வாடா!"

கையாட்டுகிறான். நான் உற்சாகத்தில் கத்துகிறேன் என்று நினைத்துவிட்டான். தண்ணீர் முழங்காலுக்கு, தொடைக்கு. நிறம் மாறிச் செம்மண்ணாக வருகிறது. அவன் பாறையிலிருந்து இறங்கியதும் இடுப்புக்கு மேல். கால் வழுக்கி ஒருமுறை தலையே தெரியவில்லை. நான் இறங்கிவிட்டேன். ஆம், நான். ஒரு கையில் மரவேர், மறு கையில் அவன் சட்டை. இழுத்தேன்.

கரையில் கிடந்து இருமுகிறான், சிரிக்கிறான். கம்பை விடவில்லை. நூலின் முனையில் முழங்கை நீளச் செபாராவ், கறுப்புப் பட்டையோடு துள்ளுகிறது.

"துரை சொன்னது நெசந்தாண்ணே! தண்ணி ஏறினதும் கடிச்சிருச்சு!"

நான் சொன்ன பொய்யைக் கூட நிஜமாக்கி மீன் பிடித்துவிட்டான். உயிர் போகவிருந்தவனைப் பார்த்து அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது. இதை எழுதவே கூசுகிறது.

பாதி மீன் எங்கள் வீட்டுக்கு. செல்லத்துக்கு ஒரே பூரிப்பு. வயிறு சரியில்லை என்று கஞ்சி குடித்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

மழை இல்லை. ஆபீஸ் விட்டதும் வே. வந்தான். துரைக்குப் பதில் எழுத வேண்டுமாம். அவன் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில்.

"நீங்க சொன்ன மாதிரி நடு ஆத்துல நின்னேன், மீன் கிடைச்சதுன்னு எழுதுங்கண்ணே. அடுத்த ஞாயிறும் தண்ணி தொறக்குறப்ப நிப்பேன்னு எழுதுங்க."

பேனா நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறும்.

சொல்லிவிட்டேன். துரையின் கடிதத்தை அவனிடம் வாங்கி முதல் வரியிலிருந்து, ஒரு சொல் விடாமல், உள்ளபடி படித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தையே பார்த்தான்.

"மூணாவதா ஒண்ணு படிச்சீங்களே, அத மறுபடி படிங்க."

படித்தேன்.

"ஏண்ணே?"

"பொறாமைடா." வேறு என்ன சொல்ல? அந்த ஒரு சொல்தான் இருந்தது.

திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நடந்தத நடந்த மாதிரியே எழுதுங்க" என்றான். என்னைப் பற்றி நானே துரைக்கு எழுதினேன், என் கையெழுத்தில். அவன் தமிழில் பெயர் போட்டான். "நானே தபால்ல போட்டுக்குறேன்" என்று வாங்கிக்கொண்டான். செல்லம் கொண்டுவந்த கோப்பி அப்படியே ஆறிப்போயிற்று.

அக்டோபர் 22, செவ்வாய்

தீபாவளி. அவன் வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. அவன் வரவில்லை. செல்லம் இரண்டு முறை கேட்டாள். காய்ச்சலாக இருக்கும் என்றேன்.

நவம்பர் 9, சனி

காலையில் மழை, பிறகு வெயில். டைப்ரைட்டர் ரிப்பன் மாற்றினேன்.

துரையிடமிருந்து பதில். வே. பெயருக்கு. உறை இந்த முறை கனம். நானே கார் ஷெட்டுக்குப் போய்க் கொடுத்தேன். கை துடைத்துவிட்டு வாங்கினான்.

"சாயங்காலம் வர்றியா? படிச்சுக் காட்டுறேன்."

"இல்லண்ணே. புள்ளைங்களோட வாத்தியார் படிச்சு சொல்றேன்னாரு."

மரியாதையாகத்தான் சொன்னான். உறையைச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டான்.

மணி ஆறு. வாத்தியார் வீடு நாலு வீடு தள்ளித்தான். விளக்கு எரிகிறது. துரை என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்பது இந்நேரம் அந்த வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும்.