மதினி தோட்டத்தில் சணப்பு பூத்தது

என் பாசமுள்ள பெரிய மதினிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கல்லறைத் திருநாளன்று உங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, மாலை போட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி வீட்டுக் கதையெல்லாம் சொல்லி முடித்தபிறகுதான் பார்த்தேன், அது பக்கத்தில் இருக்கிற யாரோ ஒரு தாத்தாவின் கல்லறை. எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளையாகச் சுண்ணாம்பு அடித்துவைத்தால், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் என்ன செய்வாள்? நம் தோட்டத்துச் சேதி இப்போது அந்தத் தாத்தாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் போனபிறகு அண்ணன் மக்காச்சோளத்துக்குமேல் மக்காச்சோளமாகப் போட்டார். அறுத்த தட்டைக்குத் தீ வைத்தார். மூட்டை மூட்டையாக உரம் வேறு. மண் களத்துத் தரை மாதிரி இறுகி, பாய்ச்சிய தண்ணீர் மேலேயே நின்று வெயிலோடு போனது. சலித்துப்போய், தேவாரம் ஊர்க்காரர் ஒருவருக்கு வாழை போடத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பேசிவிட்டார்.

நாம் கேப்பையும் மொச்சையும் எடுத்துத் தின்ற தோட்டம் அது. வெளியாள் கைக்குப் போனால், திரும்பி வரும்போது என்ன கதியில் வருமோ?

அறுப்பு முடிந்ததும் மண்ணுக்குத் தழை உரமாகச் சணப்பு விதைப்பீர்களே, நினைவிருக்கிறதா? முதல் பூ கண்ணில் பட்டதும் மடக்கி உழுதுவிடுவீர்கள். நான் வரப்பில் நின்று வம்புக்கு இழுப்பேன்.

"திங்க ஒதவாததை வெதைச்சு, அதையும் மண்ணுல பொதைக்கிறாக. எங்கண்ணன் எங்கன போயி இந்தப் பொண்ணப் புடிச்சாக?"

"ஒனக்குப் பசிச்சா ஊரக் கூட்டிருவ ஆத்தா. மண்ணுக்கு வாயா இருக்கு?" என்பீர்கள், குனிந்த தலை நிமிராமல். உங்கள் முந்தானையில் பச்சைத் தழை வாசம் அடிக்கும். அதை இனி எங்கே போய்த் தேட?

அண்ணனிடம் போனேன். "ஒரு போகம் எங்கிட்ட விடுங்கண்ணே. மதினி இருந்தா குத்தகைக்கு விட்டுருப்பாகளா?"

"அவ இருந்தா நான் ஏன் விடுறேன்?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு சணப்பை விதைத்தேன்.

சணப்பு இடுப்புயரம் வந்தது. முதல் பூவுக்கே டிராக்டரை வரச்சொன்னேன். அண்ணன் மறித்துவிட்டார். "இருக்கட்டும். ஒரு வருசமாச்சும் அவ இதைப் பூக்க விட்டாளா? பாத்துக்கிறேன்."

தோட்டம் முழுக்க மஞ்சள். உங்கள் வீட்டுக்காரர் காலையும் மாலையும் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குள் தண்டு முற்றி நாராகிவிட்டது. டிராக்டருக்குப் பின்னால் சுழன்று உழுகிற ரொட்டவேட்டரில் சுற்றிக்கொண்டு வண்டி நின்றது. "யக்கா, உழக் கூப்பிட்டீகளா, கயிறு திரிக்கக் கூப்பிட்டீகளா?" என்றார் டிராக்டர்காரர். அண்ணனும் நானும் அரிவாளால் அறுத்து அறுத்து எடுத்தோம். முற்றிய தண்டு மக்கும்வரை கேப்பை நாற்று காத்துக் கிடந்தது. ஆனால் தண்டு மக்கிவிட்டது, மதினி. மழைக்கு மறுநாள் கையை விட்டேன், மணிக்கட்டு வரை உள்ளே போனது. மண்புழுவும் வந்துவிட்டது.

வாழைக்காரர் வந்தபோது அண்ணன் சொன்னார்: "கேப்பை நடுறோம்யா. எந்தங்கச்சி விட மாட்டேங்கிறா." பழி என் தலையில். இருந்துவிட்டுப் போகட்டும்.

மதினி, இனி அறுப்புக்கு அறுப்பு சணப்பு விதைப்பேன். முதல் பூவிலேயே மடக்கியும் விடுவேன். கிணற்றோரம் ஒரு பாத்தியை மட்டும் உழாமல் விட்டுவைப்பேன். அது அண்ணன் பார்க்க.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். அன்று அந்தத் தேவாரத்துக்காரர், மண் மாறிவிட்டதை நம்பாமல், "அப்படி என்னய்யா மண்ணு?" என்று தண்ணீர் பாய்ந்த பக்கம் இறங்கினார். முழங்கால் வரை போனது. கால் வந்தது, செருப்பு வரவில்லை. மூன்று பேரும் தேடினோம். ஒற்றைச் செருப்போடு பைக்கில் ஊர் போய்ச் சேர்ந்தார்.

வாயடங்காத உங்கள் நாத்தனார்,
ஜெசிந்தா